அறைக்கு வெளியே பேசியது

அனந்தராமன் சாருக்கு இந்தப் புது மூக்குக்கண்ணாடி பொருந்தவில்லை. மூக்கின் நுனிக்கு இறங்கி வருகிறது. விரலால் தள்ளுகிறார், மறுபடி இறங்குகிறது. வாங்கும்போது கூடப் போனவர்கள் யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் கூடப் போகிறவர்கள் எதையும் பார்ப்பதில்லை.

அவருக்கு எதிரே உட்கார்ந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அன்னக்கொடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கொலை முயற்சி என்ற சொல் வாயில் வந்துவிடாமல் பேச அவர் பட்ட பாடு பார்க்க நன்றாக இருந்தது. "அந்தச் சம்பவம்" என்றார். "அன்னிக்கு இருந்த நிலைமை" என்றார். ஒருமுறை "அந்தக் குழப்பம்" என்றுகூடச் சொல்லிவிட்டார். குழப்பம் எதுவும் இருக்கவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் இருந்த காலை நேரங்கள் குறைவு.

அவர் இந்த மருத்துவமனையின் இயக்குநர். நான் இங்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைமை மருத்துவர். மேஜையில் எனக்காக ஒரு தாள் தயாராக இருந்தது. கூட்ட நெரிசலிலும் தொடர்ந்து பணி செய்த அசதியிலும் டாக்டர் ஜானகிக்கு நோயைக் கணிப்பதில் தவறு நேர்ந்துவிட்டது, அதற்காக வருந்துகிறார் என்று அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் போதும். மற்றதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

"எல்லாருக்கும் நடக்கறதுதான் ஜானகி. நாமளும் மனுஷங்கதானே" என்றார்.

அந்த "நாமளும்" எனக்குப் பிடிக்கவில்லை. அவர் நோயாளியைத் தொட்டுப் பல வருடமாகிறது.

எனக்கு நோயாளிகளைப் பிடிக்கும். இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இப்போது வெளியே வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்களாம். உயிருக்குப் போராடுகிற உடம்பு பாசாங்கு செய்யாது. ரத்த அழுத்தம் விழுந்தால் விழுந்ததுதான். மூச்சு திணறினால் திணறுவதுதான். அந்த உடம்புக்கு முன்னால் நின்று அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கும்போது, வேறெங்கும் கிடைக்காத ஒரு மரியாதையான தனிமை எனக்குக் கிடைத்திருக்கிறது.

என்னால் பொறுக்க முடியாதவர்கள் கூட வருகிறவர்கள்.

நீங்கள் ஒரு நாள் வந்து எங்கள் வாசலில் நின்று பார்க்க வேண்டும். ஒரு நோயாளிக்கு இரண்டு வேன் ஆட்கள் வருவார்கள். ஒருவர் கைபேசியைச் சார்ஜ் போட இடம் தேடுவார். ஒருவர் கவுன்சிலரைப் பேசச் சொல்லி என் காதில் போனை வைப்பார். துபாயில் இருக்கிற மச்சினன் போனின் ஒலிபெருக்கியில் வந்து, "டாக்டர், ஈசிஜி எடுத்தாச்சா?" என்று கேட்பான். பெண்கள் மாரில் அடித்துக்கொள்வார்கள். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அதே பெண்கள் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். "சட்னி கெட்டியா இருக்குடி, அங்கிட்டு வாங்காதன்னு சொன்னேன்ல" என்று ஒருத்தி சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். உள்ளே கிடந்தது அவள் அண்ணன்.

இவர்களில் யார் உண்மையாக வந்தவர், யார் வராவிட்டால் ஊர் பேசும் என்று வந்தவர் என்று வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. அழுகையை வைத்துச் சொல்லவே முடியாது. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உயிர் வீட்டில்தான் போக வேண்டும். இனி ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால், மூச்சுக்குழாயோடு ஆம்புலன்ஸில் ஏற்றி, வழி நெடுகக் கையால் காற்றுப் பையை அழுத்திக்கொண்டே வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நடு வீட்டில் கிடத்தி, குழாயை எடுத்துவிட்டு, உறவுமுறைப்படி ஒவ்வொருவராக வந்து வாயில் பால் ஊற்றுவார்கள். அதனால் நான், "வீட்டுக்குக் கொண்டு போறதுன்னா கொண்டு போங்க" என்று சொன்னால் போதும். வேறெதுவும் விளக்க வேண்டியதில்லை. பந்தலுக்கும் சேர்த்து அதில் உத்தரவு இருக்கிறது.

பெரும்பாலும் நான் அதை உண்மை நிலவரத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். சில சமயம், இன்னும் வழி இருக்கும்போதும் சொல்லிப் பார்ப்பேன்.

சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். யாராவது ஒருவர், "அதெல்லாம் முடியாது, நீங்க பாருங்க" என்று நின்றுவிட்டால், அந்த நோயாளிக்கு நான் தூக்கமில்லாமல் வேலை பார்ப்பேன். தமிழ்வாணி என்று ஒரு பள்ளிக்கூட ஆசிரியை இருக்கிறார். தம்பியைக் கொண்டுவந்தார். நான் சொன்னதும் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, "நான் இங்கதான் இருக்கேன் மேடம், நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அந்தத் தம்பி இப்போது வில்லாபுரத்தில் கறிக்கடை வைத்திருக்கிறான். வாதாடினால் வைத்தியம். என் விதி அவ்வளவு எளிமையானது, நியாயமானதும்கூட. வாதாட ஒருவர்கூட இல்லாத உயிரைப் பிடித்து நிறுத்தி யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

கொண்டுபோனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் நன்றி சொல்லிவிட்டுத்தான் கொண்டுபோனார்கள். ஒரு குடும்பம் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பத்திரிகை வைத்து அழைத்தது.

இப்போது அன்னக்கொடி.

அவளுக்குப் பரவைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். கணவன் சுருளி வெண்டைக்காயும் கத்தரிக்காயும் போட்டுப் பரவைச் சந்தைக்குக் கொண்டுவருகிறவன். கோடைப் புழுக்கத்துக்கு அவள் வாசல் பக்கம் வெறும் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள். விடியும்போது வயிற்றுவலி, இரண்டு வாந்தி. சாப்பாடு சேரவில்லை என்று சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு கண்ணைத் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது. என்னிடம் வந்தபோது மூச்சு மார்பின் மேலோடு நின்றிருந்தது.

நான் உடனே குழாய் போட்டேன். சுத்தமாக, ஒரே முயற்சியில் போட்டேன். இயந்திரத்தில் இணைத்தேன். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

பிறகு என்னவென்று பார்த்தேன். பார்க்கவே வேண்டியதில்லை. தரைப்படுக்கை, அதிகாலை வயிற்றுவலி, இறங்கிய இமை. எங்கள் வட்டாரத்தில் பயிற்சி மருத்துவர்களுக்கு நான் முதல் வாரத்தில் நடத்துகிற பாடம் இது. கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது, வீங்காது, தூக்கத்தில் தெரியவும் தெரியாது. விஷம் ஏற ஏற உடம்பில் ஒவ்வொரு தசையாகப் படுத்துவிடும். கடைசியில் கண்மணிகூட வெளிச்சத்துக்கு அசையாது. தெரியாதவர்கள் மூளை செத்துவிட்டது என்று நினைப்பார்கள். இயந்திரத்தில் வைத்து, விஷமுறிவு மருந்து கொடுத்து, பொறுமையாகக் காத்திருந்தால் சில நாளில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பார்கள்.

இன்னொன்றும் அந்தப் பாடத்தில் உண்டு. அவர்களுக்கு எல்லாம் கேட்கும். விரலை அசைக்க முடியாது, இமையைத் தூக்க முடியாது, ஆனால் நினைவு முழுதாக இருக்கும். அதனால் படுக்கை அருகில் பார்த்துப் பேசுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன்.

இடது கணுக்காலில், கொலுசுக்குக் கீழே, கொசு கடித்த மாதிரி இரண்டு புள்ளிகள் இருந்தன. பார்த்தேன். போர்வையை இழுத்துவிட்டேன்.

ஜெயக்கொடி சிஸ்டர் அடுத்த மருந்து என்ன என்பதுபோல் என்னைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒருவருக்குச் சர்க்கரை பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

வெளியே போய்ச் சுருளியிடம் சொன்னேன். தலையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது, மூளை வேலை செய்யவில்லை, ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும் அவசியமில்லை என்றேன். அதற்குள் அவன் உறவுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

"மாப்ள, டாக்டரம்மா என்னடா சொல்லுது?"

"தலையில நரம்பு வெடிச்சிருச்சாம்ண்ணே."

"அம்புட்டுத்தானா? நேத்துச் சந்தையில பார்த்தனேடா, என்கிட்ட சண்டை போட்டாளே."

"அழகுராஜா, பந்தக்காரனுக்குப் போனப் போடு. வெயில் ஏறுறதுக்குள்ள போட்டுறணும்."

கடைசியாகச் சொன்னவர் பேயாண்டி, சுருளிக்குப் பெரியப்பா. நான் வாக்கியத்தை முடிக்கும் முன்பே அவர் பேச்சு பந்தலுக்குப் போய்விட்டது. இவர்களை நான் அவமதிக்கிறேன் என்கிறார்கள். அவமதிக்க நான் எதுவும் செய்யத் தேவையிருக்கவில்லை.

சுருளியை மட்டும் உள்ளே அழைத்து வந்தேன். அன்னக்கொடியின் தலைமாட்டில், அவள் வலது காதுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன்.

"என்ன முடிவு பண்ணிருக்கீங்க?"

"சரிங்கம்மா" என்றான், வாய்க்குள்.

"எனக்குக் கேட்கலை. சத்தமாச் சொல்லுங்க."

"வீட்டுக்குக் கொண்டு போறோம்மா."

"எதுக்குன்னு தெரியும்ல?"

அவன் துண்டை வாயில் வைத்துக்கொண்டான். நான் காத்திருந்தேன்.

"பால் ஊத்தத்தாம்மா" என்றான்.

திரையில் அவளுடைய நாடித்துடிப்பு சட்டென்று ஏறியது. அலாரம் அடித்தது. அவள் கேட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அலாரத்தை நிறுத்தினேன்.

அதற்கு மேல் நடந்தவை எனக்கு நேராகத் தெரியாது. அன்னக்கொடி போலீசில் சொன்னதை அனந்தராமன் சார் படித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார்.

அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. ஆம்புலன்ஸ் பரவைச் சந்தையருகில் வழி கிடைக்காமல் நின்றது, ஓட்டுநர் காளை, "அண்ணே, தக்காளி வண்டிய எடுங்கண்ணே, உள்ள ஆளு கிடக்கு" என்று கத்தியது. வீட்டில் இறக்கியது. தெருவில் மூங்கில் இறக்கிய சத்தம். சுருளியின் குரல் ஒரே ஒரு முறை, "நாற்காலி பத்தாது, இன்னும் போடச் சொல்லு" என்றது. எத்தனை பேர் அழுகிறார்கள், யார் யார் அழவில்லை என்பதையும் அவள் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறாள். கத்த வேண்டும் என்று முயன்றதில் உடம்பு முழுவதும் தீப்பிடித்த மாதிரி இருந்ததாம், ஆனால் ஒரு முடிகூட அசையவில்லையாம்.

பால் எடுத்துவந்தது அவள் தங்கை மீனா. குழாயை எடுப்பதற்கு முன் முகம் துடைத்துவிடலாம் என்று ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். கண்ணோரம் நனைந்திருந்தது. துடைத்தாள். மறுபடி நனைந்தது. மறுபடி துடைத்தாள். மூன்றாவது தடவை பால் டம்ளரைச் சுவரில் எறிந்துவிட்டாள்.

"போகப் போறவளுக்குக் கண்ணுல எங்கடா தண்ணி வரும்? அக்கா அழுகுதுடா! வண்டிய எடுங்கடா!"

பேயாண்டி, சொல்லிவிட்ட ஊருக்கெல்லாம் என்ன பதில் சொல்வது என்று கேட்டாராம். மீனா அவரைத் தள்ளிவிட்டுத் தானே பையை அழுத்திக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அங்கே கொலுசுக்குக் கீழே பார்த்திருக்கிறார்கள்.

இதற்கு முன் போனவர்களில் யாரும் திரும்பி வந்து பேசவில்லை. அன்னக்கொடி பேசினாள். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும், "எனக்குக் கேட்கலை, சத்தமாச் சொல்லுங்க" என்பது உட்பட, வரிசை மாறாமல் சொல்லியிருக்கிறாள். நல்ல நினைவாற்றல். எனக்கும் அப்படித்தான், எதுவும் மறக்காது.

"அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி. வென்டிலேட்டர் தட்டுப்பாடு இருந்திருக்கும்" என்று அனந்தராமன் சார் எனக்கு எடுத்துக் கொடுத்தார்.

"ரெண்டு சும்மா இருந்தது சார்."

கண்ணாடி இறங்கியது. அவர் தள்ளவில்லை.

"ஜானகி, இந்தப் பேப்பர்ல தவறுன்னுதான் போட்டிருக்கு. நீங்க தவறு பண்ணலைன்னா வேற என்ன பண்ணீங்கன்னு கேட்பாங்க. புரியுதா?"

புரிந்தது. தாளை என் பக்கம் இழுத்து, "கணிப்பில் தவறு" என்று இருந்ததை அடித்துவிட்டுக் கீழே எழுதினேன். கட்டுவிரியன் கடி என்று பார்த்த உடனே கண்டுகொண்டேன். மருந்து அலமாரியில் இருந்தது. கொடுக்கவில்லை. வீட்டுக்கு அனுப்பினால் என்ன செய்வார்கள் என்று தெரிந்தே அனுப்பினேன். கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, அவர் பக்கம் தள்ளினேன். என்னை எது என்று வேண்டுமானாலும் சொல்லட்டும். கட்டுவிரியனை மூளை ரத்தக்கசிவு என்று நினைத்த டாக்டர் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

அவர் அதைப் படித்து முடிக்க நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, "ஏன்?" என்று கேட்டார். அந்த அறையில் அன்று கேட்கப்பட்ட முதல் புத்திசாலித்தனமான கேள்வி அது.

அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு டெங்கு வந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. இதே கட்டடத்தில் மேல்மாடியில் வாயில் குழாயோடு கிடந்தேன். ஒருநாள் மயக்கமருந்து சற்றுக் குறைந்திருக்க வேண்டும். கண் திறக்கவில்லை, ஆனால் கேட்டது. டாக்டர் என் கணவர் கிரீஷிடம், நிலைமை மோசம், அடுத்தது என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கிரீஷ் சொன்னார்: "உங்களுக்கு எது சரின்னு படுதோ பண்ணுங்க. அவளும் டாக்டர்தானே, புரிஞ்சுப்பா."

காரைச் சர்வீசுக்கு விடும்போது பேசுகிற அதே குரல். வேறு ஏதாவது செய்ய முடியுமா, வேறு யாரையாவது கேட்கலாமா என்று ஒரு வார்த்தை இல்லை. காலணிச் சத்தம் நகர்ந்தது, இரண்டு பேரும் வெளியே போனார்கள், கதவு மூடியது. கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு நெடுநேரம் தொடர்ந்தது. என்ன பேசினார்கள் என்று எனக்குப் பிரிந்து கேட்கவில்லை.

நான் பிழைத்தேன். கிரீஷ் நல்ல மனிதர். தினமும் காலையில் அவர்தான் காபி போடுகிறார். என் கார் பெட்ரோல்கூட அவர்தான் பார்த்து நிரப்புகிறார். அந்த நாளைப் பற்றி நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? கேட்ட வரைக்கும் போதும். ஒரே வீட்டில் தெரிந்து வாழ்வது தெரியாமல் வாழ்வதைவிட மேல். நான் அன்னக்கொடிக்குச் செய்ததும் அதுதான். யாரோடு வாழ்கிறோம் என்று அவளுக்குத் தெரிய வழி செய்தேன். இத்தனை வருடம் சேர்ந்து வெண்டைக்காய் பறித்தும் அவளுக்குத் தெரிந்திராத விஷயம் அது.

அனந்தராமன் சார் தாளை மடித்து மேஜை டிராயரில் வைத்தார். "அந்தப் பொண்ணு வெளிய உட்கார்ந்திருக்கா. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கணுமாம். கேஸ் வேற, இது வேறங்கறா. பார்க்கறீங்களா?"

பார்க்கிறேன் என்றேன். எனக்குப் பயம் எதுவும் இல்லை. அவள் எப்படி நடக்கிறாள் என்று பார்க்கவும் ஆசையாக இருந்தது.

நன்றாகத்தான் நடந்தாள். மீனா கையைப் பிடித்திருந்தாள், ஆனால் தேவையிருக்கவில்லை. இமைகள் முழுதாகத் திறந்திருந்தன. குழாய் போட்டதில் குரல் கரகரத்திருந்தது, அது சில வாரங்களில் சரியாகிவிடும். அவர்களுக்குப் பின்னால் சுருளி வந்து கதவோரம் நின்றுகொண்டான். அவன் நின்ற இடத்தைப் பார்த்ததும் புரிந்தது. அதற்கு மேல் கிட்ட வர அவள் விடுவதில்லை.

"உக்காரும்மா" என்றார் அனந்தராமன் சார்.

அவள் உட்காரவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க மன்னிப்புக் கேக்கணும்னு நான் வரல. ஏன் செஞ்சீங்கன்னு கேக்கவும் வரல. அத போலீசு கேக்கட்டும்" என்றாள். "நான் இப்ப எந்தங்கச்சி வீட்டுல இருக்கேன். இவுக வாராக, போறாக. சோறு பொங்கித் தாங்கிறாக, முகத்தப் பாருங்கிறாக. எனக்குக் கண்ண மூடுனா அந்தப் பேச்சுத்தான் கேக்குது. பால் ஊத்தத்தாம்மான்னு. என்னால இவுக கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்க முடியல."

மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"இவுக சொல்றாக, என்னையப் பார்க்கச் சொல்லி வெளிய உங்ககிட்ட எம்புட்டோ கேட்டாகளாம், கால்ல விழுந்தாகளாம். பொண்டாட்டி போயிருவான்னு இப்பச் சொல்றாகளா, நெசமாவே கேட்டாகளான்னு எனக்குத் தெரியல. அந்த எடத்துல கேமராவும் இல்லையாம்ல. உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். கேட்டாகன்னு நீங்க சொன்னா நான் இன்னைக்கே என் வீட்டுக்குப் போயிருவேன். கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லிருங்க. அம்புட்டுத்தான்."

கதவோரத்தில் சுருளி கைகூப்பினான். "சொல்லுங்கம்மா" என்றான். "நடந்தத மட்டும் சொல்லுங்கம்மா."

அங்கே கேமரா இல்லை என்பது உண்மைதான். ஆக்சிஜன் சிலிண்டர் வைக்கிற அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நடை. கெட்ட செய்தி சொல்ல நான் எப்போதும் அங்கேதான் அழைத்துப் போவேன்.

அன்றும் அங்கேதான் அழைத்துப் போனேன். நான் சொன்னதும் சுருளி என்னைப் பார்த்தான், நான் வேறு யாரைப் பற்றியோ சொல்கிறேன் என்பதுபோல. "இல்லம்மா" என்றான். "ராத்திரி நல்லாத்தானம்மா இருந்தா. மோட்டார் போடப் போகணும்னு என்னைய எழுப்பினதே அவதாம்மா." நான் மறுபடி சொன்னேன். "ஒரு நாள் வச்சிருந்து பாருங்கம்மா. ஒரே ஒரு நாள். எம்புட்டு ஆனாலும் நான் பார்த்துக்கிறேன்" என்றான். பயனில்லை என்றேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டான். போகிற வழியிலேயே உயிர் போய்விடும், தெருவில் போகும், அதுதான் வேண்டுமா என்று கேட்டேன். அப்போது உட்கார்ந்துவிட்டான். என் காலைப் பிடித்தான். மண் படிந்த கை. என் வெள்ளை அங்கியின் ஓரத்தில் கறை பட்டது. "அவ இல்லாம எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, சந்தைக்கணக்குக்கூட அவதாம்மா பார்ப்பா" என்றான். எழுந்து முகம் துடைத்துக்கொண்டு வா, உள்ளே போய் அவள் பக்கத்தில் நின்று தைரியமாகப் பேசு என்றேன். பெரியப்பா வந்து அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

என் விதியைப் பற்றி முன்பே சொன்னேன். வாதாடினால் வைத்தியம். அவன் வாதாடவில்லை, கெஞ்சினான். இரண்டும் ஒன்றில்லை. தமிழ்வாணி கெஞ்சவில்லை, கைப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார். அன்று அந்த நடையில் எனக்கு இந்த வித்தியாசம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. இப்போதும் ஓரளவு தெரிகிறது.

அந்த அங்கி இன்னும் வீட்டில் இருக்கிறது. துவைத்தும் போகவில்லை. கிரீஷ் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அனந்தராமன் சாரும் பார்த்தார், அவர் கண்ணாடி வழியாக இல்லாமல் அதற்கு மேலாக. ஒரு வார்த்தை போதும். "கேட்டார்" என்ற ஒரு சொல். எனக்கு அதில் நஷ்டம் எதுவும் இல்லை. என் கையெழுத்து ஏற்கெனவே டிராயரில் இருந்தது.

"டாக்டரம்மா" என்றாள் அன்னக்கொடி. "கேட்டாகளா?"

அவள் நிற்கிற விதம், அந்தக் கை மேஜையைப் பிடித்திருந்த விதம், அந்தக் கரகரத்த குரல். எனக்கும் அப்படித்தான் கரகரத்திருந்தது. நான் சரியாகி வீட்டுக்குப் போன அன்று கிரீஷ் கார்க் கதவைத் திறந்துவிட்டார். வழியெல்லாம் பேசாமல் வந்தார். தெப்பக்குளத்தைச் சுற்றி வரும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றேன்.

சுருளியின் கூப்பிய கை கீழே இறங்கியது. அன்னக்கொடி திரும்பி அவனைப் பார்க்கவில்லை. மீனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவன் சற்றுத் தள்ளிப் பின்னாலேயே போனான்.

"ஜானகி" என்றார் அனந்தராமன் சார். "ஒரு வார்த்தை. சொல்லியிருக்கலாமே."

எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டேன்.

"அறைக்கு வெளியே பேசினதை என்கிட்ட மட்டும் யார் சார் வந்து சொன்னா?"